ஒரு படித் தவிடு

“முந்தானையை விரிங்க தங்கச்சி” என்று மாமா மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார். அம்மா விரிக்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கோவில் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எதிரில் இருபது பேர். நடுவில் ஒரு படி. படி நிறையத் தவிடு. மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலில் செருப்பு வேறு இல்லை.

எனக்குப் பொறுமை கிடையாது அண்ணே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரிங்கம்மா, வெறும் தவிடுதானே, வாங்கிக்கொண்டு போவோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்றைக்குக்கூட அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் ஒருத்தர் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாரே, அவர்தான் மாமா. அதைப் பார்த்துவிட்டுத்தானே என்ன தம்பி சண்டை என்று கேட்கிறீர்கள்? சொல்கிறேன். திருச்சி போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மூன்று சீட்டுக்கு முன்னால் நீலப் புடவை தெரிகிறதா, அதுதான் அம்மா. பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பவள் என் தங்கச்சி ஷாமினி. பன்னிரண்டு வயது. காலையில் வேனில் வந்தோம், மாமா பிடித்துக் கொடுத்த வேன். இப்போது பஸ்ஸில் போகிறோம். அதிலேயே உங்களுக்குப் பாதி புரிந்திருக்கும்.

நாங்கள் மலேசியா. கிள்ளான். என் பெயர் தர்வின், வயது பதினெட்டு. படிவம் நான்கோடு, உங்கள் ஊர்ப் பத்தாவது மாதிரி, படிப்பை விட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை. ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள், எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வாத்தியார் சொன்னது தப்பென்றால் தப்பு என்று சொல்லிவிடுவேன், அது அங்கே ஒத்துவரவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் நானும் ஷாமினியும் பிறந்தது இங்கேதான், சேலாம்பட்டியில். பெற்றவர் பெயர் பூங்காவனம். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அந்தம்மா என்றே சொல்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். நீலப் புடவைதான் அம்மா. எங்களைத் தத்தெடுத்து வளர்த்தவர். இதையெல்லாம் எங்களிடம் யாரும் ஒளித்து வைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே தெரியும். தத்து தெரியும். தவிடுதான் தெரியாது.

அதை மாமாதான் சொன்னார். அந்தம்மாவுடைய கூடப்பிறந்த அண்ணன் அவர், நல்லுசாமி என்று பெயர். நேற்று மத்தியானம் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்கு வந்து, என்னை மட்டும் கீழே டீக்கடைக்குக் கூட்டிப் போனார். நீங்கள் இந்தப் பக்கத்து ஆள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதெல்லாம் புதுசு. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்து ஒரு பிள்ளை பிறந்தால், அதைக் கோவில் முன்னால் வைத்து யாருக்காவது ஒரு படித் தவிட்டுக்கு விற்றுவிடுவார்களாமே. எமனை ஏமாற்றுகிற வேலை. இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போன பிள்ளை, இதைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று அவன் திரும்பிப் போய்விடுவானாம். வாங்கினவர் பிள்ளையைக் கையில் ஏந்திக் கோவிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, நீயே வைத்து வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே கொடுத்துவிட வேண்டும். பிள்ளை ஆளான பிறகு பெற்றவள் அதே ஒரு படித் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வாள். அதுதான் வழக்கமாம். அந்த மாதிரிப் பிள்ளைக்குத் தவுட்டான் என்று பெயரும் வைப்பார்களாம்.

என் தாத்தா பெயரே தவுட்டான்தான். அம்மாவுடைய அப்பா. இதே சேலாம்பட்டியிலிருந்து கப்பலேறிப் போனவர். அம்மாவின் அடையாள அட்டையில் தனபாக்கியம், தவுட்டான் மகள் என்று இருக்கும். சின்ன வயதில் நானும் ஷாமினியும் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். அந்தம்மாவுக்கு எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள். மூன்றுமே நாற்பது நாள் தாண்டவில்லை. நாலாவது நான். நான் பிறந்த அதே வாரத்தில் அம்மா முதல்தடவையாகத் தன் அப்பா ஊரைப் பார்க்க வந்திருக்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. வெளியூர்க்காரி வாங்கினால் இன்னும் நல்லது என்று யாரோ சொல்லப்போக, அம்மா கையில் படியைக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா தவிட்டைக் கொடுத்தார். என்னை வாங்கினார். கோவிலையும் ஒரு சுற்று சுற்றினார். திருப்பிக் கொடுக்கவில்லை.

இங்கேதான் எல்லோரும் அம்மாவைத் தப்பாக நினைக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த வழக்கம் தெரியாது அண்ணே. மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளையைக் கையில் கொடுத்து வாங்கிக்கோ என்றால் யாராக இருந்தாலும் வாங்கத்தானே செய்வார்கள்? மாமா போன பிறகு நானே நேரடியாகக் கேட்டேன். தெரியாது என்றார். இன்னொரு தடவை கேட்டேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அங்கிருந்து தெரியாது என்றார். அம்மா பொய் சொல்ல மாட்டார்.

பேப்பர் எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள். பெற்ற அப்பா கையெழுத்துப் போட்டார், அந்தம்மா கைநாட்டு வைத்தார். அந்தப் பெற்ற அப்பா இப்போது இல்லை, இறந்து நாலு வருடம் ஆகிறது. என்னடா இப்படி விட்டுக்கொடுத்தார்கள் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. மாமாவிடம் கேட்டேன். அந்தம்மாவுக்குப் பயம் என்றார். தவிட்டைத் திருப்பாமல் பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று பயம். வாங்கின சூட்டோடு தவிட்டைத் திருப்பினாலும் ஆகாது, எமன் இன்னும் வாசலில்தான் நிற்பான் என்று பயம். மூன்றைப் புதைத்தவர், வேறு என்ன செய்வார். அப்போது அம்மா எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். பதினெட்டு வயது முடிந்ததும் நானே கூட்டி வருகிறேன், அப்போது தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள் என்று. அதாவது அதற்குள் யாரோ அம்மாவுக்கு அந்த வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஷாமினி விஷயம் வேறு. எனக்கு ஆறு வயதாகும்போது அந்தம்மாவே போன் பண்ணியிருக்கிறார். பெண் பிறந்திருக்கிறது, எங்களால் முடியவில்லை, அண்ணனோடு வளரட்டும், கூட்டிப் போங்கள் என்று. அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனார். அதில் ஒரு சிக்கலும் இல்லை.

இந்தப் பயணத்துக்கு அப்பா வரவில்லை. கிள்ளான் அப்பா. லாரி ஓட்டுகிறார், லீவு இல்லை என்றார். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நீ செஞ்சது, நீயே போய்ப் பாரு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், சிடுசிடு.

இன்றைக்குக் காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். வேனில் ஷாமினிதான் பேசிக்கொண்டே வந்தாள். அந்தம்மாவுக்கு என்று கிள்ளானிலிருந்து ஒரு பை வாங்கி வந்திருந்தாள், பாசி வைத்த சின்னக் கைப்பை. இறங்கினதும் கொடுக்கட்டுமா, சாப்பிட்ட பிறகு கொடுக்கட்டுமா என்று என் உயிரை வாங்கினாள். எப்போதாவது கொடு, இப்போது வாயை மூடு என்றேன்.

ஊரில் இறங்கினதும் கூட்டம். தவுட்டான் வந்துட்டான், தவுட்டான் வந்துட்டான் என்கிறார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால் என்னைத்தான். ஒருத்தர் என் காதைப் பிடித்துப் பார்க்கிறார், அப்பன் காது என்கிறார். ஒருத்தர் தோளில் துண்டு போடுகிறார். வயதான ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு இதெல்லாம் பிடிக்காது அண்ணே. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, ஏன் என்று தெரியவில்லை. ஷாமினி பக்கத்திலேயே வந்தாள். இதுதான் சின்னதா என்று ஒரு பெண் கேட்டார். மாமா அவளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தார். போட்டுக்கொண்டாள்.

அந்தம்மா கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒல்லி. அரிசி ஆலையில் வேலையாம், புருவத்தில்கூட உமித்தூள். கட்டிப்பிடிப்பார், அழுவார் என்று நினைத்துத் தயாராகத்தான் போனேன். ஒன்றும் செய்யவில்லை. என் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் காலையே பார்த்தார். தவிட்டைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் என்னைத் தொடக்கூடாதாம், மாமா காதில் சொன்னார். அந்தத் தவிட்டை ஆலையில் கேட்டு வாங்கி மூன்று தடவை சலித்தாராம். மாட்டுக்குப் போடுகிறதை எதற்குச் சலிக்க வேண்டும்? ஷாமினி பையை நீட்டினாள். வாங்கிப் பக்கத்தில் இருந்த கல்லின் மேல் வைத்தார். என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் முதலில் சொன்ன அந்தச் சண்டை. அம்மா முந்தானையை விரிக்கவில்லை.

கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் ஒன்று சொன்னார்கள். வளர்த்தவளுக்குக் கை எப்படி வரும் என்றார் ஒருத்தர். வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது சுவரைப் பார்த்தால் ஆச்சா என்றார் இன்னொருத்தர். கடல் தாண்டினா ஆத்தா முன்னாடி சொன்னதும் கரைஞ்சு போயிடுமா தங்கச்சி என்று மாமா சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டால் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு வியர்த்து ஊற்றியது. கடைசியில் சொன்னார்.

“எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாதுங்க அண்ணே. கையில குடுத்தீங்க. வாங்கிக்கிட்டேன்.”

அதுவரைக்கும் அந்தம்மா வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் திறந்தார். சத்தமாகக்கூட இல்லை.

“தவுட்டான் மகளுக்கா தவுடுன்னா என்னன்னு தெரியாது?”

எனக்குக் கோபம் வந்தது. தாத்தா பெயர் என்னவாக இருந்தால் என்ன, அம்மா மலேசியாக்காரர், எப்படித் தெரியும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். பிறகு இடுப்பிலிருந்து முந்தானையை உருவினார். ரெண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். ஒருவழியாக வெயில் தாங்காமல் சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன்.

மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். படியை ரெண்டு கையால் தூக்க வேண்டும். பத்து அடி நடக்க வேண்டும். அம்மா முந்தானையில் கொட்ட வேண்டும். கொண்டது குடுத்தாச்சு என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வந்து அந்தம்மா பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் கையால் ஒரு வாய் சோறு. முடிந்தது.

“அப்புறம் நீ மலேசியா போ மாப்ள, இல்ல எங்க வேணா போ. உன்னை யாரு இங்க கட்டிப்போடப் போறா? ஆனா அவ புள்ளயா போ. அவ போனா கொள்ளி போட ஒருத்தன் இருக்கான்னு அவளுக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

சரி என்றேன். நிஜமாகவே சரி என்றுதான் நினைத்தேன். யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை, அம்மா அம்மாவாகத்தான் இருக்கப்போகிறார், அந்தம்மாவுக்கும் நிம்மதி. சொன்னதைச் செய்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். குனிந்து படியைத் தூக்கினேன். தவிடு கனம் இல்லை, படிதான் கனம்.

அப்போது ஷாமினி நடுவில் வந்தாள். நேராக அந்தம்மாவிடம் போய் நின்றாள். பையைக் கொடுத்தபோதுகூட அவள் ஒன்றும் பேசவில்லை. முதல்தடவையாக இப்போதுதான் அவரிடம் பேசுகிறாள்.

“எனக்கு எத்தனை படி குடுத்தாங்க?”

அந்தம்மா அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஷாமினி விடவில்லை. அண்ணனுக்கு ஒரு படி, எனக்கு எத்தனை, அதையும் இன்னைக்கே குடுத்திடலாம்ல என்றாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான், வீட்டில் எனக்குக் கோழித்தொடை வைத்தால் அவளுக்கும் ஒன்று வைக்க வேண்டும்.

மாமாதான் பதில் சொன்னார்.

“பொட்டப்புள்ளைக்கு யாரு பாப்பா தவுடு அளப்பா? உன்னைச் சும்மா தூக்கிக் குடுத்தது.”

ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமா கெட்டவர் இல்லை அண்ணே. சின்னப் பிள்ளை ஏதோ கேட்கிறது, சிரிக்க வைப்போம் என்று சொன்னதுதான். அந்தம்மா சிரிக்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை. ஷாமினி காத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாறு விநாடி இருக்கும். நான் படியைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா வாயையே பார்க்கிறேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படி இல்லடி என்று ஒரு வார்த்தை, பொய்யாகவாவது. எனக்குப் பொய் பிடிக்காது. ஆனால் அப்போது ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டேன்.

ஷாமினி சரி என்று தலையாட்டினாள். அழுதிருந்தால் எனக்குக் கஷ்டமே இல்லை. அவள் எதற்கும் அழுகிறவள், பூனைக்கு அடிபட்டால் மூன்று நாள் அழுவாள். இப்போது அழவில்லை. ஓரமாகப் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்து நாடாவைக் கட்டினாள், ஒரு கால், பிறகு இன்னொரு கால். எழுந்து ரோட்டுப் பக்கம் நடந்தாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா ஷாமினி என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. அம்மாவால் போகவும் முடியவில்லை, விரித்த முந்தானையை விட்டுவிட்டு எப்படிப் போவது? சின்னப்புள்ள கோவம், ரோடு வரைக்கும் போயிட்டு வந்துடும், நீ நட மாப்ள என்றார் மாமா. நல்ல நேரம் முடியப்போகிறது என்று வேறு யாரோ சொன்னார்கள்.

நடந்தேன். ஒன்று, ரெண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் நடந்தேன். அந்தம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடம் ஒருத்தர் ஒரு படித் தவிட்டை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்றால் அது எனக்காகத்தானே? எனக்காக ஒருத்தர் அப்படி இருந்தார் என்று நேற்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அவளைக் கேட்கவில்லை. ரெண்டு பேரும் ஒரே வயிறுதான்.

ஏழாவது அடியில் நின்றேன். அம்மாவுக்கும் எனக்கும் மூன்று அடிதான். அம்மா ரோட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடியும் ரோட்டைப் பார்க்கிறார். இங்கிருந்து பார்த்தால் ஷாமினி ரோட்டோரப் புளியமரத்தைத் தாண்டிவிட்டாள். இந்தப் பக்கத்து ரோட்டில் அவளுக்கு எது கிழக்கு எது மேற்கு என்றுகூடத் தெரியாது. பஸ் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது.

“என்னடா நிக்கிறே” என்றார் அம்மா. “கொட்டிடு தர்வின். நான்தானே சொல்றேன். எம்மேல தப்புத்தான். கொட்டிடு.”

எந்தத் தப்பைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. வெயிலில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து அந்தம்மாவும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது. கொட்டு சாமி என்றார்.

ரெண்டு அம்மாவும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள் அண்ணே. மாமா சொன்னார், கூட்டம் சொன்னது. மூன்று அடி. கையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், படிக்காதவன்கூடச் செய்கிற வேலை. நான் படியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அம்மாவைத் தாண்டினேன். புளியமரத்துப் பக்கம் நடந்தேன். கொட்டவில்லை.